உப்பு பார்க்கும் கிண்ணம்

பிரபஞ்சம் விரிவதைப் பற்றி அஃப்ரீன் பல வருடமாகப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாள். அன்று வகுப்பில் நிற்கவே தெம்பில்லை. வாயு விரிந்தால் குளிர்ந்துபோகும், ஆற்றலை இழக்கும் என்றாள். வெளியெங்கும் நிறைந்து அதை விரியவைக்கும் இருண்ட ஆற்றல் அப்படியில்லை. அதன் அழுத்தம் எதிர்மறை. வெளி எவ்வளவு விரிந்தாலும் அடர்த்தி குறையாது. பொருள்தான் நீர்த்துக்கொண்டே போகும். அப்படி ஒரு கட்டத்தில் இருண்ட ஆற்றலின் கை ஓங்க, விரிவு வேகமெடுத்தது.

அது எப்போது என்று மாணவி ஐனா கேட்டாள்.

"பல நூறு கோடி வருஷம் முன்னாடி. அப்ப யாராச்சும் இருந்திருந்தாகூட தெரிஞ்சிருக்காது லா. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்திருக்கும்."

சொன்ன வாய் மூடுவதற்குள் உப்பு பார்க்கும் கிண்ணம் நினைவுக்கு வந்தது.

அவள் கணவன் ஜாஹிருக்குத் தீவில், சூலியா தெருவில் சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை, மாடியில் வீடு. அடுப்படியில் நிற்பவன் நாக்குக்கு உப்பு தெரியாது என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. அதனால் அன்றைய குழம்பில் முதல் கரண்டி ஒரு கிண்ணத்தில் மனைவிக்குப் போகும். அவள் உப்பு பார்த்துச் சொன்ன பிறகுதான் வியாபாரம். கல்யாணமான புதிதில் ஜாஹிரே கிண்ணத்தோடு மாடியேறி வருவான். அக்கரையில் மாக் மண்டினில் இரண்டாவது கடை வைத்ததும் வேலையாள் ஹைக்கல் கொண்டுவந்தான். பிறகு அதுவும் இல்லை. எந்த நாளில் நின்றது? மூளையைக் கசக்கியும் பிடிபடவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது நாள் நினைவிருக்கும்.

அன்று அதே அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் மூன்றாவது கடை திறப்பு. வகுப்பு இருக்கிறது என்றாள், அவனும் வற்புறுத்தவில்லை. அதுதான் வலித்தது.

மாலையில் ஜாஹிர் குழம்புப் பொட்டலத்தோடு வந்தான். கடல் பாலத்து நெரிசலில் அது ஆறிப்போயிருந்தது. உப்பு பார்க்கச் சொன்னான். அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"கரிக்குது."

"கஸ்டமரும் கொஞ்ச நாளா அதான் சொல்றாங்க. நீ ஒண்ணும் சொல்லலையேன்னு விட்டுட்டேன்."

"எனக்குக் கிண்ணம் வந்தாத்தானே."

"ஹைக்கல் தினமும் கொண்டு வர்றான்னுல்ல நெனச்சேன்."

"ஹைக்கலை நீங்கதானே மாக் மண்டினுக்கு மாத்துனீங்க."

ஜாஹிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கிண்ணம் நின்ற நாள் அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

நெருங்கிப் பிணைந்தவற்றை பிரபஞ்ச விரிவு பிரிக்காது. எட்டிப் போனவற்றைத்தான் கொண்டுபோகும். தாங்கள் இதில் எந்தப் பக்கம் என்று அஃப்ரீனுக்குத் தெரியவில்லை. அலுப்பாக இருந்தது.

"நாளைக்கு அடுப்புலருந்து நேரா நீங்களே கொண்டு வாங்க."

"வர்றேன்" என்றான். சொல்லும்போதே கண் கடிகாரத்துக்குப் போனது. சிம்பாங் அம்பாட் கடைக்குக் குழம்பு கொண்டுபோகும் லாரியை விடியுமுன் அனுப்பியாக வேண்டும். அவள் அதைப் பார்த்துவிட்டாள். இருந்தாலும் அலமாரியைத் துழாவிப் பழைய கிண்ணத்தை எடுத்து, கழுவி மேசைமேல் வைத்தாள்.