குறை சொன்னால் பாதி விலை

என் மருமகள் பல் டாக்டர். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்த எவரும் இதுவரை வலிக்கிறது என்று சொன்னதில்லை. திறந்த வாயோடு எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் அவள் சாமர்த்தியம்தான்.

கடைத்தெருவில் ஒரு மாடியில் அவள் கிளினிக். உள்ளே நாற்காலி, முன்னறையில் பெஞ்சு. பெஞ்சின் ஓரம் என் இடம். வலியோடு வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து வலியை மறக்கடிப்பது என் உத்தியோகம்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு தையற்கார அம்மாள் வந்தார். கன்னம் பந்து போல வீங்கியிருந்தது. கட்டணத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடியதைப் பார்த்த மருமகள், முடிந்ததைக் கொடுங்கள், போதும் என்றாள். அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். வீங்கிய கன்னத்தோடு ஒருவர் அவ்வளவு கம்பீரமாக நடந்து நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து மருமகள் வழியை மாற்றிக்கொண்டாள். இரக்கப்பட்டுக் குறைத்தால் மறுக்கிறவர்கள், கிளினிக்கின் குறைக்காகக் குறைத்தால் உரிமையோடு வாங்கிக்கொள்வார்கள் என்று கண்டுபிடித்தாள். வேலை நடுவில் நாற்காலி மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அதற்குப் பாதி விலை. ஏசி கரடி போல உறுமும்; அதற்குக் கொஞ்சம் தள்ளுபடி. வாய் கொப்புளிக்கிற குழாயைத் திறந்தால் தண்ணீர் நேராகச் சட்டைக்குப் போகும். உங்களைக் கஷ்டப்படுத்திவிட்டோம் என்று அவள் மன்னிப்புக் கேட்பாள். அவர்களும் போனால் போகிறது என்று பெரிய மனதோடு மன்னித்து, குறைந்த காசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

யாருக்குக் குறைப்பது என்று எப்படித் தெரியும்? செருப்பைப் பார்ப்பாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, கன்னத்தைப் பார்ப்பாள். கட்டணத்தைச் சொன்னதும் வசதி உள்ளவர் பேரம் பேசுவார். இல்லாதவர் பேசமாட்டார், அவருடைய நாக்கு உள்ளுக்குள் நகர்ந்து, வலிக்கிற பல்லைத் தொட்டு, இன்னும் கொஞ்ச நாள் தாங்குவாயா என்று விசாரிக்கும். கன்னத்தின் மேலேயே அது அவளுக்குத் தெரிந்துவிடும். பெரிய காரில் வந்த ஒருவர் நாற்காலி இறங்குகிறதே என்று சண்டை போட்டார். சொன்னதற்கு மிகவும் நன்றி என்று முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டாள். ஒரு டாக்டர் தன் சாமான்களை இவ்வளவு அக்கறையாகப் பழுதில் வைத்திருந்ததாக உலகத்தில் வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த ஏற்பாடு அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என் மகனுக்குத் தெரியாது. அவன் லிஃப்ட் மெக்கானிக். எதுவும் ஓடாமல் நின்றால் அவனுக்குப் பொறுக்காது. மதியம் நான் படுத்திருந்தால்கூட, என் கையைத் தூக்கிப் போட்டு, ஓடுகிறேனா என்று பார்ப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவிக்கு ஆச்சரியம் கொடுக்கப் பூட்டிய கிளினிக்கைத் திறந்து உள்ளே போனான்.

மறுநாள் காலை அவள் வந்து பார்த்தால், நாற்காலி பாறை போல நிற்கிறது. ஏசி ஓடுகிறதா என்று கையை நீட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. குழாயில் தண்ணீர் பணிவாக விழுகிறது. திருட்டுப் போன வீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அவனோ கையில் கிரீஸும் முகம் முழுக்கச் சிரிப்புமாக நின்றான். திட்ட மனம் வராமல், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் டிரம்பெட்காரர் வந்தார். ஒரு பேண்டு குழுவில் ஊதுகிறவர். மேல் முன்பல்லின் வேரில் சீழ். டிரம்பெட்டை உதட்டில் வைத்து அழுத்தும்போது அந்தப் பல்தான் தாங்க வேண்டும். பல் போனால் ஊதுகிற பிழைப்பும் போகும். ரூட் கெனால் செய்தால் பல் நிற்கும், ஆனால் செலவு. நாற்காலியில் உட்கார்ந்து கட்டணத்தைக் கேட்டதும் அவர் மேலுதடு லேசாக அசைந்தது. நாக்கு முன்பல்லிடம் போய்விட்டது.

"பிடுங்கிடுங்க டாக்டரம்மா," என்றார், பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற குரலில்.

அப்புறம் எப்படி ஊதுவீர்கள் என்று அவள் கேட்டாள். ஊதப்போவதில்லை, லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை இருக்கிறது என்றார். அவள் எழுந்தாள்.

"எங்க கிளினிக்ல ஒரு வழக்கம். குறை இருந்தா பாதி விலைதான். நாற்காலி எப்படி இருக்கு?"

"சிம்மாசனம் மாதிரி இருக்குங்க."

"ஏசி சத்தம்?"

"ஏசி ஓடுதா என்ன?"

வாசலில் நின்ற என் மகன் நெஞ்சை நிமிர்த்தினான். நான் அவன் காலை மிதித்தேன்.

டிரம்பெட்காரர் சுற்றிலும் நேர்மையாகப் பார்த்தார். குழாயைக்கூடத் திறந்து மூடினார். குறை ஒன்றும் இல்லை, பிடுங்கிவிடுங்கள் என்றார் மறுபடி. அவள் இடுக்கியைத் தொடவில்லை. சுவர், கூரை, ஜன்னல் என்று தேடிக்கொண்டே வந்த அவள் கண், என் மேல் வந்து நின்றது.

"பெஞ்சுல எங்க மாமா உங்ககிட்ட என்ன சொல்லிட்டிருந்தாரு?"

நான் சொன்னது ஒன்றுமில்லை. வாலிபத்தில் ஒருநாள் தும்மியபோது என் கடைவாய்ப்பல் பறந்துபோய் எதிர்வீட்டுச் சுவரில் பதிந்துவிட்டது, அந்த வீட்டுக்காரர் கடைசிவரை அதில்தான் சட்டையை மாட்டினார் என்று நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பெரியவரைப் பத்தி எப்படிங்க சொல்றது..."

"வயசைப் பாக்காதீங்க. குறையா, இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். என்னால் முடிந்தவரை பழுதாக உட்கார்ந்திருந்தேன்.

"கொஞ்சம் அளக்குறாரு."

"கொஞ்சமா?"

"காது ரெண்டும் ரொம்பிப்போச்சுங்க."

"அப்ப கால்வாசி குடுத்தா போதும். பாதி விலை நாற்காலிக்குத்தான். இது அதைவிடப் பெரிய குறை."

அவருக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது. "நியாயம்தான்," என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

என் மகன் ஸ்பேனரும் கையுமாக என்னையே ஏற இறங்கப் பார்த்தான். இந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதில்லை என்று சொல்லி அவனை வேலைக்கு அனுப்பினேன்.

பல்லின் உள்ளே, தலைமுடியைவிட மெல்லிய ஊசியை அவள் விட்டு விட்டு எடுப்பதைப் பார்க்க வேண்டும். எறும்புக்குக் காது குடைந்துவிடுகிற பொறுமை. கால்வாசிக் காசுக்குக் கால்வாசி வேலை என்பது அவளிடம் இல்லை. அவர் வந்த ஒவ்வொரு முறையும் நானும் ஒப்புக்கொண்டபடி அளந்தேன். வாங்கிய தள்ளுபடிக்குத் துரோகம் செய்யக் கூடாதல்லவா.

பல்லுக்கு உறை மாட்டிய அன்று டிரம்பெட்டையும் எடுத்துவரச் சொல்லியிருந்தாள். முன்னறையில் நின்று ஊதிப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. உட்கார வைத்து, உறையின் ஓரத்தைத் தூசியளவு ராவிவிட்டாள். மறுபடி ஊதினார், ஒரு கீச்சொலி. இன்னும் கொஞ்சம் ராவினாள். கண்ணை மூடிக்கொண்டு ஊதினார்.

வந்தது பாருங்கள் நாதம். கீழே தெருவில் வண்டிகள் வழிவிட்டு ஒதுங்கின. பெஞ்சில், காலையிலிருந்து வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் ஒரு கையால் டிரம்பெட்காரரிடம் நிறுத்தாதீர்கள் என்று சைகை காட்டி, மறு கையில் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனாள்.