எட்டாவது கன்னி

கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டே தொடங்கிவிடலாம். இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி. ஓர் எழுத்து பொய்யாக இருந்தால், சொன்ன வாய்க்கு ஆயுசுக்கும் ஆறிப்போன காப்பிதான் கிடைக்கட்டும்.

அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிச் சத்தம் அடங்குகிற தூரத்தில் ஒரு காடு. காட்டுக்கு நடுவே ஓர் ஓடை. ஓடைக்கு அக்கரையில், நாவல் மரத்தடியில் ஒரு நாஸ்தா கடை. கடை அப்பாசாமியுடையது. இட்லி அவருடைய சம்சாரம் வேண்டா என்கிறவளுடையது.

காட்டுக்குள் எவன் வந்து சாப்பிடுவான் என்று அப்பாசாமியின் மாமனாரே கேட்டார். வந்தார்கள். கல்பாக்கம் பக்கத்து ஆபீசுகளில் வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து உடம்பு கனத்தவர்கள், ஞாயிறு காலையில் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். காட்டுப் பாதையில் மூச்சு வாங்க நடந்து, குருவி பார்த்து, ஓடையில் கிடக்கிற கற்களின்மேல் கால்வைத்துத் தாண்டி, குறைத்த எடையை வேண்டா கடையில் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். கூட்டத்துக்குத் தலைவர் சுப்புராமன் என்ற எஞ்சினியர். கழுத்தில் விசில், தலையில் தொப்பி, இரண்டு கையிலும் இரண்டு ஊன்றுகோல். மாட்டுக்கு இருக்கிற மாதிரி தனக்கும் நாலு கால் இருந்தால் நல்லது என்று நினைக்கிற மனிதர்.

ஓடையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆடாமல் நிற்பவை ஏழு. எந்த ஏழு என்பது ஊர்க்காரர்களின் காலுக்குத் தெரியும், நடைக்காரர்களின் காலுக்குத் தெரியாது. ஒரு ஞாயிறன்று பிரபாவதி என்கிற ஆபீசரம்மா தப்பான கல்லில் கால் வைத்தார். விழுந்த வேகத்தில் தண்ணீர் மர உச்சிவரை எகிறியது. கிளையில் இருந்த கொக்குகள், குளிக்க இறங்குகிற வேலை மிச்சம் என்று இறகை உதறிக்கொண்டு நேரே வேடந்தாங்கலுக்குப் பறந்துவிட்டன.

சுப்புராமன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "அப்பாசாமி, எந்தக் கல்லில் கால் வைக்கணும்னு அடுத்த ஞாயிறுக்குள்ள ஓர் அடையாளம் இருக்கணும். இல்லேன்னா நாங்களும் அந்தக் கொக்கு போன பக்கமே போயிடுவோம்."

நடைக்காரர்கள் போனால் கடை போச்சு. கடை போச்சென்றால் மாமனார் சொன்னது பலித்துவிடும். கடை போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பின்னதைத் தாங்க முடியாது. அப்பாசாமி அன்றைக்கே வேலையில் இறங்கினார். வீட்டில் கதவுக்கு அடித்து மிஞ்சின மஞ்சள் பெயிண்டை ஏழு கல்லுக்கும் பூசினார். கால் வைக்க வேண்டிய இடம் சரியாகத் தெரியட்டும் என்று ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்பில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தார். எட்ட நின்று பார்த்தார். குழந்தைகூடத் தப்பாமல் தாண்டும்.

தண்ணீரோரம் வரிசையாக ஏழு கல், மஞ்சள், நடுவில் சிவப்புப் பொட்டு. இதைப் பார்த்தால் நம் பக்கத்துச் சனம் என்ன நினைக்கும் என்பது அந்தத் தெய்வத்துக்குத் தெரியும், அப்பாசாமிக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை விறகு பொறுக்க வந்த ஜோதிலட்சுமி, தலைச்சுமையை அப்படியே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஏழு கன்னிமாரும் எழுந்தருளிகினு கீறாங்கடி!" மத்தியானத்துக்குள் ஊர் திரண்டுவிட்டது. கல்லுக்குக் கல் பாவாடை, எலுமிச்சம்பழம், வேப்பிலை. பொழுது சாய்கிற நேரத்தில் பொங்கல் வைத்து, பெண்கள் அந்த வரிசைப் பக்கம் கைக்குத் தட்டுப்பட்டதற்கெல்லாம் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டுப் போனார்கள்.

அப்பாசாமி உண்மையைச் சொல்லாமல் இல்லை. "அது பெயிண்டும்மா. அடிச்சவனே நான்தான்."

ஜோதிலட்சுமி இடுப்பில் கை வைத்தாள். "சரி அண்ணாத்த. உன்ன அடிக்க வச்சது யாரு?"

அப்பாசாமி பிரஷ்ஷைத் தூக்கி அடுப்பில் போட்டார்.

ஞாயிறு விடிந்தது. நடைக்காரர்கள் இக்கரையில் வந்து நின்றார்கள். முதல் ஆளாகப் பிரபாவதி ஷூவைக் கழற்றிக் கும்பிட்டார். போன வாரம் தன்னைத் தள்ளிவிட்டது யாரென்று இப்போதுதான் தெரிந்தது என்றார். அவர் கழற்றியதும் எல்லாரும் கழற்றினார்கள். கல்லில் கால் வைக்க ஒருவரும் தயாரில்லை.

"தண்ணியிலே இறங்கி வந்துடலாமா?" என்று சுப்புராமன் கத்திக் கேட்டார்.

அக்கரையில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஜோதிலட்சுமி எழுந்தாள். "கன்னிமாருங்க குளிக்கற தண்ணி சார் அது! எவனாவது கால வச்சீங்க, கண்ணு பூடும்!"

அடுப்பில் இட்லிப் பானை புஸ்ஸென்று ஆவி விட்டது. அந்த ஆவி ஓடையைத் தாண்டிப் போய் நடைக்காரர்களின் மூக்கில் ஏற, அவர்களும் பெருமூச்சு விட, அது திரும்பி வந்து அடுப்பை அணைத்தது. வேண்டா கரண்டியால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "யோவ், பொட்டு வச்சியே, சுண்ணாம்புல வச்சிருக்கக் கூடாதா? பேஜாரு புடிச்ச மனுசா!"

அப்போது சுப்புராமன் மஞ்சள் பூசிய கற்களை எண்ண ஆரம்பித்தார். எஞ்சினியர் அல்லவா, அவரால் எதையும் எண்ணாமல் விட முடியாது. ஒருமுறை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார்.

"ஏம்மா, கன்னிமார் எத்தனை பேர்?"

"ஏழு பேரு!"

"இங்கே எட்டுல்ல இருக்கு! அப்போ ஒண்ணு சாமி இல்லை, வெறும் கல்லு. வெறும் கல்லுல கால் வைக்கலாம்தானே?"

ஜோதிலட்சுமி யோசித்தாள். சட்டப்படி அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. வரிசையில் சேராமல் இக்கரையோரம் ஒன்று தனியாக இருந்தது. ஆட்டுக்கல்லைவிடப் பெரிது, மேலே மஞ்சள் மட்டும், பாவாடை இல்லை. சுப்புராமன் அதன்மேல் ஏறி நின்றார். அங்கிருந்து மற்ற கற்களைத் தொடாமல் ஒரே தாவாகத் தாவுவதாகத் திட்டம்.

தாவ வேண்டியிருக்கவில்லை. கல் புறப்பட்டுவிட்டது.

"சார், நகருது சார்!" என்று பிரபாவதி கூவினார்.

"பாசிம்மா. வழுக்கும்," என்றார் சுப்புராமன். நடு ஓடைக்கு வந்த பிறகும் அது பாசி என்பதில் உறுதியாக இருந்தார். அக்கரையில் கல்லுக்குக் கழுத்து நீண்டு நாலு கால் முளைத்தபோதுதான் லேசாகச் சந்தேகப்பட்டார். அதற்குள் ஆமை அவரைச் சுமந்தபடி கரையேறி, ஜோதிலட்சுமியைத் தாண்டி, அப்பாசாமியைத் தாண்டி, நேரே கடைக்குள் நுழைந்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றது. சுப்புராமன் முதுகிலிருந்து பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்து, "ரெண்டு இட்லி, ஒரு வடை," என்றார். பழக்கம்.

"அய்யய்யோ, ஆமை பூந்துடுச்சே!" என்று வேண்டா அலறினாள். "ஆமை பூந்த வூடு உருப்படுமா?"

"வாயக் கழுவுடி!" என்று ஜோதிலட்சுமி பின்னாலேயே ஓடிவந்தாள். "மஞ்சா பூசிகினு வந்து நிக்கறவள ஆமைன்றியே! ஏழு பேருக்கும் மூத்தவ இவ. உன் கடையத் தேடி வந்துகீறா!"

அலறல் கேட்டு ஓடிவந்த ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப்பேர் ஆமை என்றார்கள், பாதிப்பேர் அம்மன் என்றார்கள். அப்பாசாமிக்கு இரண்டுமே இடிதான். ஆமை என்று முடிவானால் இந்தக் கடையில் பச்சைத் தண்ணீர்கூட ஒருவனும் குடிக்க மாட்டான். அம்மன் என்று முடிவானால் கடை கோயிலாகிவிடும். அங்கே ஆம்லெட் போட முடியாது, செருப்போடு ஒருத்தனும் நுழைய முடியாது, இட்லிகூடப் பிரசாதமாகிவிடும். பிரசாதத்தை இரண்டாம் முறை சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன் உண்டா?

"சொல்லு அண்ணாத்த," என்று ஜோதிலட்சுமி அதட்டினாள். "உன் கடை. நீ சொல்லு. ஆமையா, ஆத்தாளா?"

அப்பாசாமி பதிலைத் தேடுகிறவர் மாதிரி கல்லாப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. மூடிக்கொண்டார்.

இதற்கிடையே ஆமை கழுத்தை நீட்டி, வேண்டா அலறிக்கொண்டே சுப்புராமனுக்குப் போட்ட இலையிலிருந்து ஓர் இட்லியைக் கவ்வி விழுங்கியது. ஆமை கண்ணை மூடிக் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, அடுத்ததையும் கவ்வியது. பிறகு அடுப்புப் பக்கம் தலையைத் திருப்பி வேண்டாவையே பார்த்தது.

வேண்டா அந்தப் பார்வையைக் கண்டாள். ஒவ்வொரு ஞாயிறும் அவள் பார்க்கிற பார்வைதான் அது. அலறல் நின்றது. தோளில் கிடந்த துண்டை உதறினாள்.

"ஆமையும் இல்ல, ஆத்தாளும் இல்ல," என்றாள். "வந்துச்சு. குந்திச்சு. துன்னுச்சு. இன்னும் வேணும்னு கேக்குது. கஸ்டமரு. தள்ளி நில்லுங்க, அதுக்கு எல போடணும்."

ஆமைக் கட்சியும் அம்மன் கட்சியும் தள்ளி நின்றன. கஸ்டமர் நுழைந்த வீடு உருப்படாது என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை. ஜோதிலட்சுமி சிறிதுநேரம் முறைத்துவிட்டு, தனக்கும் ஓர் இலை கேட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஆமை ஓடைக்கு இறங்கி இக்கரைக்குப் போய், பிரபாவதியின் முன்னால் முதுகைக் காட்டி நின்றது. அவர் கும்பிட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தது. அன்று வேண்டா மூன்று தடவை மாவு கரைத்தாள்.

இன்றைக்கும் ஞாயிறுதோறும் அப்படித்தான். கன்னிமார் ஏழு பேரும் மிதிபடாமல் பாவாடை கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நடைக்காரர்கள் ஆமைமேல் தாண்டுகிறார்கள், அப்பாசாமியின் மாமனார் கடையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். வரும்போது ஆமையின் முதுகு முழுக்கத் தண்ணீருக்கு மேலே தெரியும். சாப்பிட்டுத் திரும்பும்போது மூக்கு மட்டும்தான் தெரியும்.

போய்ப் பார்க்கலாம் என்று யாராவது கிளம்புவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தக் காட்டில் ஓடை கிடையாது.