மேடைக்கு வந்த நடவு வரிசை

வேம்புவுக்குப் பட்டமளிப்பு என்றதும் அவளைவிட அதிகமாகக் குதித்தவன் அவள் புருஷன் செல்லதுரைதான். சட்டைக்குக் கஞ்சி போட்டான். கட்சிக் கரை வேட்டியைத் தேய்த்து வைத்தான். ஆட்சி மாறினால் செல்லதுரையின் வேட்டிக் கரையும் மாறும், அது ஊரறிந்த விஷயம்.

சமுதாயக் கல்லூரியில் மோட்டார் பழுது பார்க்கும் படிப்பை வேம்பு முடித்திருந்தாள். படிக்கத் துணை நின்ற ஒருவரை ஒவ்வொருவரும் மேடைக்கு அழைத்து வரலாம், அவருக்கும் பொன்னாடை உண்டு என்று கல்லூரி முதல்வர் பாத்திமா அறிவித்திருந்தார். அந்த ஒருவர் தான்தான் என்பதில் செல்லதுரைக்குச் சந்தேகமே கிடையாது. மழை நாளில் சைக்கிளில் கொண்டுபோய் விட்டிருக்கிறானே, போதாதா!

வேம்புவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவளைப் படிக்க வைத்தது நடவு செட்டு. ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி நடும் பெண்கள் அவர்கள். மத்தியானம் வகுப்புக்காக வேம்பு வரப்பேறியதும், அவள் விட்ட இடத்தை இரண்டு பக்கத்துக்காரிகளும் சேர்த்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். சாயங்காலம் அவளுக்கும் சமப் பங்கு. பதிலுக்கு அவர்கள் கேட்டது, மறுநாள் நடும்போது நேற்றைய பாடத்தை ஒப்பிக்க வேண்டும் என்பது மட்டும்தான். ஊர்வம்பு பேசிப் பேசி அவர்களுக்கும் அலுத்துப்போயிருந்தது.

"எல்லாரும் வாங்கக்கா. மேடைக்கு ஒருத்தர்தான்னாலும் கீழ உக்காந்து பாருங்க" என்று செட்டுத் தலைவி சௌந்தரநாயகியிடம் கெஞ்சினாள்.

"பறிச்ச நாத்து காத்துக்கிட்டு இருக்குமாடி? அன்னிக்கு மிராசுதார் வயல்ல நடவு. ஒரு நாள் நின்னா வேற செட்ட எறக்கிடுவாரு. நீ போயிட்டு வா."

மிராசுதார் கலியபெருமாள் எறக்கக்கூடியவர்தான். உச்சவரம்புக்கு மேல் அவர் வைத்திருந்த உபரி நிலத்தில், இந்தப் பெண்களும் சேர்ந்திருந்த விவசாயக் கூலிச் சங்கத்தார் கொடி நட்ட வழக்கு கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோபத்தில் செட்டுப் பெண்களைப் பெயர் சொல்லிக்கூட அவர் கூப்பிடுவதில்லை.

விழா அன்று செல்லதுரையின் பக்கத்தில் வேம்பு உம்மென்று உட்கார்ந்திருந்தாள். பட்டம் வாங்குவது சந்தோஷமாகவே இல்லை. அவர்கள் இல்லாமல் இதை வாங்குவது திருட்டு மாதிரி இருந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள், ஏறினாள், சான்றிதழ் வாங்கினாள். செல்லதுரை பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு நாலா பக்கமும் கும்பிட்டான்.

அப்போது வாசலில் டிராக்டர் சத்தம். டிரெய்லரிலிருந்து செட்டு மொத்தமும் குதித்தது. முழங்காலில் சேறு, இடுப்பில் சொருகிய புடவை. முன்னால் ஓடி வந்தவர் கலியபெருமாள்.

"வேம்பு, மோட்டார் நின்னுபோச்சும்மா. மேட்டூர் தண்ணியும் வந்து சேரல, வயல் காயுது. டவுன் மெக்கானிக் நாளைக்குத்தான் வருவானாம். கொஞ்சம் வந்து பாரும்மா."

"நாங்க கூப்பிட்டாத்தான் வேம்பு வருவான்னு சொன்னோம், அவரே ஏத்திக்கிட்டு வந்தாரு" என்றாள் சௌந்தரநாயகி, ரொம்பச் சாதுவாக.

வேம்பு பாத்திமாவிடம் திரும்பினாள். "மேடம், எனக்குத் துணை இவங்க எல்லாருந்தான்" என்றாள். ஒருவர் என்ற விதியைப் பாத்திமா அங்கேயே மறந்துவிட்டார். "ஏறுங்கம்மா எல்லாரும்!"

ஏறினார்கள். கேட்காமலே வரிசை கட்டினார்கள். போட்டோக்காரர், "கொஞ்சம் பின்னாடி போங்கம்மா" என்றார். நடவுக்காரிகளிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. பின்னால் போவதுதானே அவர்கள் பிழைப்பு! கோடு பிசகாமல், திரும்பிப் பார்க்காமல், ஒரே சீராகப் பின்னால் போனார்கள். மேடை முடிந்தது. அவர்கள் நடை முடியவில்லை. பின்னால் கட்டியிருந்த பேனரைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் மணலில் இறங்கினார்கள்.

முழங்கால் உயர மேடைதான், அடி எதுவும் இல்லை. மண்டபமே குலுங்கிச் சிரித்தது. கிழிந்த பேனர் வழியாகச் சௌந்தரநாயகியின் தலை தெரிந்தது. "நாங்க நின்னாச்சு தம்பி, எடுங்க!"

வேம்பு எட்டிப் பார்த்தாள். விழுந்த இடத்திலும் வரிசை கலையவில்லை. நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அவளுடைய இடம். சான்றிதழோடு மேடையிலிருந்து குதித்துப் போய் அங்கே நின்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போட்டோவில் அவள் முகம் கோணலாகத்தான் விழுந்தது.

திரும்பும்போது டிரெய்லரில் செல்லதுரையின் பொன்னாடை கைமாறிக்கொண்டே இருந்தது. ஆளுக்குக் கொஞ்ச தூரம் போர்த்திக்கொண்டார்கள். செல்லதுரைக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை.

மோட்டார் கொட்டகையில் வேம்பு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். ஃபியூஸ் கம்பியைத் தாங்கும் பீங்கான் கேரியர் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. குழம்பிப்போய்த் திரும்பினாள். பின்னால் நின்ற சௌந்தரநாயகி தன் வெற்றிலைப் பையை விரித்துக் காட்டினாள். பாக்கோடு பாக்காக உள்ளே கிடந்தது கேரியர்.

"மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் புடுங்குனேன்" என்று கிசுகிசுத்தாள். "நீ சொன்ன பாடந்தான்."

வேம்பு மோட்டாரை அங்கே தட்டி, இங்கே முறுக்கி, வேண்டிய மட்டும் நேரம் எடுத்துக்கொண்டாள். கடைசியில் கேரியரைச் சொருகினாள். தண்ணீர் கொட்டியது.

"என்னம்மா கோளாறு?" என்றார் கலியபெருமாள்.

"பெரிய கோளாறுங்க. நல்லாப் படிச்ச ஆளாலதான் முடியும்."

சொல்லிவிட்டுச் சௌந்தரநாயகியைப் பார்த்தாள். அவள் எதுவும் காதில் விழாதவள்போல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.