முனியாண்டிக்கு நேர்ந்த சேவல்

கூண்டு திறந்து கிடந்தது. சேவலைக் காணோம். வசுமதி கூண்டைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். இன்றைக்குப் பார்த்தா இப்படி? தேயிலைக் காட்டோரத்து முனியாண்டி கோயிலில் பூசாரி மாடசாமி கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார். மகன் யுவனேஸ்வரன் விடியுமுன்பே மேலே கியா பார்ம் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டான். லோரியில் காய்கறி ஏற்றிக்கொண்டு ரிங்லெட் வழியாக மலையடிவாரத் தாப்பாவுக்கு இறங்குவான். அந்த இறக்கத்தில்தான் போன வருஷம் லோரியோடு பள்ளத்தில் உருண்டான். ஈப்போ ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "எம்புள்ளையக் குடு, ஒனக்கு ஒரு உசிரு தாரேன்" என்று வேண்டிக்கொண்டாள் வசுமதி. அவன் கண் விழித்ததும் ஒரு குஞ்சை வாங்கி, காலில் சிவப்புக் கயிறு கட்டி, சாமிக்கென்று வளர்த்தாள். அதற்குப் பிறகு அவன் மறுபடி லோரி ஓட்டும் முதல் நாள் இது. அவன் இறங்குவதற்குள் நேர்த்திக்கடனை முடித்தாக வேண்டும்.

அடுக்களையில் மருமகள் சியூ லான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ரிங்லெட் சீனப் பெண். எஸ்டேட் லயத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவள், தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எப்போதும் வாயாடுகிறவள் இன்று திரும்பியே பார்க்கவில்லை.

"சேவல் எங்கடி?"

"இருட்டோடயே டவுன்ல எங்க புத்தர் கோயில்ல விட்டுட்டேன் அத்தை. சாமியார் மந்திரம் சொல்லித்தான் விட்டாரு."

"எம்மவனுக்குத் தெரியுமா?"

"வேலைக்குப் போறதுக்கு முந்தி, மோட்டர்சைக்கிள்ல கூடையப் புடிச்சிக்கிட்டு வந்ததே அவருதான். ரெண்டு சாமியும் பேசி முடிச்சுக்கட்டும்னு சிரிச்சாரு."

சிரித்தானாம்! வசுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கடைத்தேங்காய எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடச்ச கதையால்ல இருக்கு! எஞ்சாமிக்குச் சொன்னத எடுத்துக் குடுக்க நீ யாருடி?"

சியூ லான் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அழுதிருந்தாள். "அதே ஆஸ்பத்திரியில நானும் வேண்டிக்கிட்டேன் அத்தை. அவரு பொழச்சா, சாவப்போற ஒரு உசிர விட்டுர்றேன்னு. நம்ம வீட்டுலயே ஒண்ண அறுக்க வச்சிக்கிட்டு, கடையில வாங்கி விட்டா அது என்னா புண்ணியம்? வேற சேவல் வாங்கித் தாரேன், சாமிக்குக் குடுங்க."

"நேர்ந்து விட்டதுக்கு மாத்து ஏது?"

இவள் கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருக்கலாம். வெள்ளிக்கிழமை வசுமதி கறி தொடமாட்டாள், அமாவாசை பௌர்ணமிக்கு இவள் தொடமாட்டாள். இத்தனை நாள் ஒரே அடுப்பில் ஒத்துப்போன வீடு. இப்போது யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

"மோட்டர எடு" என்றாள்.

சியூ லான் ஓட்டினாள். மருமகளின் தோளைப் பிடிக்க மனம் வராமல், வளைவுக்கு வளைவு விழப்பார்த்தபடி சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள் வசுமதி.

சீனக் கோயில் ரோட்டோரத்திலேயே இருந்தது. ஆமைக் குளத்துப் பக்கம், யாரோ படைத்த சோற்றைக் கொத்திக்கொண்டு சேவல் ராஜா மாதிரி நின்றது. வசுமதி "பா... பா..." என்றாள். அவ்வளவுதான், பாழாய்ப்போனது சோற்றை விட்டுவிட்டு அவள் காலடிக்கு ஓடி வந்தது. எதற்காக அழைக்கிறாள் என்று அதற்கென்ன தெரியும்? வாரி எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கயிறு காலில் இறுகிக் கிடந்தது.

"அத்தை, வேணாம் அத்தை."

கைப்பேசி அடித்தது. மாடசாமியாகத்தான் இருக்கும். எடுக்கக் கை நகரும்போது மேலே ரோட்டில் நீளமாக ஒரு ஹார்ன் கேட்டது. ஊரைத் தாண்டும்போதெல்லாம் வீட்டுக்குக் கேட்கட்டும் என்று யுவனேஸ்வரன் அடிக்கும் ஹார்ன். அதற்குள்ளா ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்?

முட்டைக்கோஸ் கூடைகளோடு லோரி அவர்களைக் கடந்து போயிற்று.

"முனியாண்டி!" என்றாள் வசுமதி. "ஓமித்தோ" என்று புத்தர் பேரை அதே மூச்சில் முனகினாள் சியூ லான். மாமியாரின் கையை எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வசுமதியும் உதறவில்லை.

லோரி அடுத்த வளைவில் பிரேக் விளக்கு எரிய ஒருமுறை மெதுவாகி, திரும்பி மறைந்தது. நேர்த்திக்கடன் முடியுமுன்பே அவன் இறங்கத் தொடங்கிவிட்டான். கைப்பேசி அடித்துக்கொண்டேயிருந்தது. சேவலின் நெஞ்சு வசுமதியின் உள்ளங்கையில் படபடவென்று துடித்தது.