கூகன் வாங்க நின்ற இடம்

வீட்டு வண்டியின் ஸ்டியரிங்கை லவோன் பிடித்தது அன்றுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் அவள் கணவன் டெல்மர் ஓட்டுவான். அவள் பின்னால் நின்று கொக்கி, சங்கிலி, சிவப்பு விளக்கு எல்லாம் பார்த்துச் சொல்வாள். குளிர்காலத்தில் அவனுக்கு வலது கண் போய்விட்டது. அதனால் ஓட்டும் ஆளும் மாறியாயிற்று. படுக்கையும் அடுப்பும் உள்ள அந்த நீள வண்டிக்குப் பின்னால் ஜீப், ஜீப்புக்குப் பின்னால் மீன்பிடிப் படகு. மூன்றும் சவுத் டகோட்டாவின் நேர் சாலையில் போய்க்கொண்டிருந்தன.

"ஒழுங்கா ஆத்தங்கரை போய்ச் சேர்ந்தா படகு இருக்கட்டும். வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா வித்துடலாம்," என்று டெல்மர் காலையில் சொல்லியிருந்தான். ரோஷத்தில் அவளும் சரி என்றுவிட்டாள். படகு போனால் இந்த மனுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்தே கரைந்துபோவான். 

பாதி வழியில் ஒரு சின்ன பெட்ரோல் பங்க். பாலேடும் பீச் பழமும் வைத்துச் சுட்ட கூகன் கேக் கிடைக்கும் என்று வாசலில் பலகை.

"உள்ள விடு," என்றான் டெல்மர்.

"பின்பக்கம் வழி இருக்கா? மாட்டிக்கிட்டா ரிவர்ஸ் எடுக்க முடியாது. பின்னால தள்ளினா ஜீப் சக்கரம் கோணிக்கும், படகு மடங்கிக்கும். நீதானே படிச்சுப் படிச்சுச் சொன்னே."

"இருக்கு, இருக்கு. கடையைச் சுத்தி வலது பக்கமா வெளிய வந்துடலாம். எனக்குத் தெரியாத இடமா?"

நாக்கு கேட்கிறது, மனுஷன் என்ன செய்வான். அவள் திருப்பினாள். கடைக்குப் பின்னால் வலது பக்கம் முழுக்கப் புது வேலி.

வண்டி நின்றது. டெல்மர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"வேலி என் பக்கம்தான் இருந்திருக்கு. தெரியல லவோன்," என்றான். "படகை வித்துடலாம்."

அந்தக் குரல் அவளுக்குத் தாங்கவில்லை.

"யோவ், ரெண்டு கண்ணும் நல்லா இருந்தப்பவே ஒரு கல்யாணத்துல சர்ச் வாசல்ல மாட்டிக்கிட்டு நின்னே. மாப்பிள்ளை கோட்டைக் கழட்டிட்டு வந்து தள்ளினான். எறங்கு."

இறங்கினார்கள். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து ஜீப்பைக் கழற்றினார்கள். அவன் கைகாட்ட, ஜீப்பையும் படகையும் முதலில் பின்னால் எடுத்தாள்; அப்புறம் வீட்டு வண்டியை. சாலையோரத்தில் மறுபடி எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போனாள். திரும்பி வரும்போது டெல்மர் தரையில் மண்டியிட்டு, கொக்கிக்குக் கீழே விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"இங்க வா. சங்கிலி ரெண்டையும் நேரா மாட்டியிருக்கே. குறுக்கால மாத்தி மாட்டணும். கொக்கி நழுவினா தாங்கிப் பிடிக்கணும்ல?"

"அவசரத்துல விட்டுட்டேன்."

"ஜீப்பும் படகும் கைகோத்துக்கிட்டுத் தனியா மீன் பிடிக்கப் போயிருக்கும்."

அவனே மாற்றி மாட்டி, இழுத்துப் பார்த்து எழுந்தான். முழங்காலில் மண். முகத்தில் பழைய டெல்மர். அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கூகன் பெட்டியை நீட்டினாள்.

வண்டி சாலையில் ஏறியதும் போன் அடித்தது. மகள்.

"வழியில ஏதாவது ஆச்சாப்பா?"

டெல்மர் வாயிலிருந்ததை விழுங்கினான். இருந்த ஒரு கண்ணால் லவோனைப் பார்த்தான்.

"ஒண்ணும் ஆகலியே. கூகன் வாங்க நின்னோம்."