சுகுணனின் ஒன்பது மனைவிகள்

1

இது திருட்டுக் கதை. நான் கொல்லத்தில் குடியேறிப் பதினாறு வருடமாகிறது. எங்கள் வாசகசாலையில் முதியோர் கல்வி வகுப்பு எடுக்கும் சுபைதா டீச்சர், பஸ் நிறுத்தத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னது. “எழுதிராதீங்க சாரே” என்றார். எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கல்வியின் ஒளி பரவிய அந்த மாலையில் விலாசினியின் கண்களில்…’

(அடித்துவிட்டேன். அவள் கண்களில் இருந்தது தூக்கம்.)

2

விலாசினிக்கு ஐம்பத்திரண்டு வயது. முந்திரி ஆலையில் தரையில் குந்தித் தோல் உரித்தே முழங்கால் போய்விட்டது. அங்கே உரித்த பருப்பை எடை போட்டு எழுதுகிறவருக்கு மட்டும்தான் நாற்காலி. அந்த இடம் காலியாகிறது. டீச்சரிடம் படித்து நாலாம் வகுப்புத் தேர்வில் தேறிவிட்டால் அது அவளுக்குத்தான்.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. எவளாவது பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் தன் பருப்பில் ஒரு கை அள்ளி அவள் தட்டில் போடுவாள். கேட்பதும் கிடையாது, நன்றி சொல்வதும் கிடையாது. தேர்வு அறையிலும் அதையே செய்தார்கள். விலாசினி எழுதிய தாள், அவளோடு தேர்வெழுதிய மற்ற எட்டு ஆலைப் பெண்களையும் சுற்றி வந்தது.

(காப்பியடிப்பதைக் கண்டித்து இங்கே அரைப் பக்கம் இருந்தது. நான் பட்டம் வாங்கிய விதம் ஞாபகம் வந்ததால் கிழித்துவிட்டேன்.)

குடும்பத்தைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு கேள்வி. ஒன்பது தாளிலும் ஒரே பதில்: ‘என் கணவர் சுகுணன். குறட்டை விடுவார்.’

3

மறுவாரம் தேர்வு அதிகாரி விடைத்தாள்களோடு வகுப்புக்கு வந்தார்.

“யாருங்க இந்தச் சுகுணன்? ஒன்பது பேரைக் கட்டிக்கிட்டு இன்னும் உயிரோட இருக்கானா?”

“நல்லாத்தான் இருக்காரு சாரே,” என்றாள் ரஹ்மத். “குறட்டைதான் தாங்க முடியலை.”

“எனக்குக் கல்யாணமே ஆகலை,” என்றாள் குஞ்ஞுமோள். “இருந்தாலும் பரவால்ல, இருக்கட்டும்.”

அதிகாரி சிரிக்கவில்லை. “சொந்தமா எழுதினவங்க மட்டும் பாஸ். மத்தவங்க அடுத்த வருஷம் எழுதுங்க. யாருன்னு சொல்லலேன்னா மொத்தமா ஃபெயில். சுகுணன் யாரு வீட்டுக்காரரு?”

(பதிவேட்டைப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். சுபைதா டீச்சர் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.)

விலாசினி மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“சொல்லிடு சேச்சி,” என்று ரஹ்மத் கிசுகிசுத்தாள். “எங்களை விடு. உன் காலைப் பாரு.”

4

முடிவு ஒன்று: “என் வீட்டுக்காரரு” என்கிறாள். நாற்காலி கிடைக்கிறது. அந்த எட்டுப் பேரின் தட்டையும் இனி அவள்தான் எடை போடுவாள்.

முடிவு இரண்டு: “எங்க எல்லாருக்கும்தான் சாரே” என்கிறாள். எட்டுப் பேரும் அவளைக் கட்டிக்கொண்டு…

இரண்டாவதைத்தான் எழுதினேன். பிரமாதமாக வந்தது, எனக்கே கண் கலங்கியது. அப்புறம்தான் உறைத்தது, நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று. அவளுடையதை விட்டுக்கொடுக்க நான் யார்? வெட்கமாகப் போய்விட்டது.

டீச்சர் சொன்னதும் இதுவரைதான், பஸ் வந்துவிட்டது. இனி நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.