வாயில் கவ்வாத பறி

எனக்குப் பல் போனதும் தொழில் போனது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். முகத்துவாரக்குப்பத்தில் நாங்கள் கையால் இறால் பிடிக்கிறவர்கள். கழுத்தளவு தண்ணீரில் குத்துக்காலிட்டு நகர்ந்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி ஒன்று இருக்கும். இடுப்பில் கட்டினால் அது முழுகி, இறால் வெளியே போய்விடும். அதனால் அதன் கயிற்றைப் பல்லால் கவ்வி, மோவாய்க்குக் கீழே மிதக்க விட்டுக்கொள்வோம்.

முன்பல் விழுந்த பிறகு ஈறால் கவ்விப் பார்த்தேன். ரத்தம்தான் வந்தது. கட்டுப்பல் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் நாளே சேறு அதை வாங்கிக்கொண்டது. அப்புறம் கரையோடு சரி. என் தங்கை மகள் செங்கொடி பிடித்து வருவதைத் தரம் பிரித்துக் கொடுத்துவிட்டு அவள் போடும் சோற்றைத் தின்றேன். அவள் நல்லவள்தான், ஆனால் அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

அப்போதுதான் ராயபுரத்திலிருந்து தாஹிரா என்ற பெண் வந்தாள். டிசைன் படிக்கிறாளாம். டிசைன் என்றால் புடவையில் பூப் போடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, ஒருவருடைய கஷ்டத்துக்கு ஏற்றபடி ஒரு பொருளைச் செய்வது, அதற்குப் படிப்படியாக முறை இருக்கிறது, முதல் படி கேட்பது என்றாள். கேட்கிறவர்களை நான் நம்புவதில்லை. கேட்டுவிட்டுப் போனவர்கள் எவரும் இந்தக் கரைக்கு ஒரு துரும்பைக் கொண்டுவந்ததில்லை. போட்டோ எடுத்து விற்கப் போகிறாயா என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இறால் பிரித்தாள். எதைச் சொன்னாலும் ஏன் என்றாள். தண்ணீரில் யாருமே பேசுவதில்லையே, ஏன் என்றாள். வாயில் கயிறு இருந்தால் எப்படிப் பேசுவது என்றேன். எனக்குத் தெரிந்த காரணம் அவ்வளவுதான்.

அடுத்த தடவை முகம் வாடி வந்தாள். அனல்மின் நிலையம் விடும் தண்ணீர் சுடுகிறது, கைக்கு உறை செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தாளாம். கஷ்டம் யாருக்கு, என்ன கஷ்டம் என்று சொல்லாமலே மருந்து எழுதுகிறாயே என்று வாத்தியார் திருப்பிவிட்டாராம். அதுதான் இரண்டாவது படி. திருத்தி எழுதியதை வாசித்துக் காட்டினாள்: பல் போன ஜெயவேல், இரண்டு கையும் ஓயாமல் மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டும். அறுபது வருஷ ஆளை ஒரு வரியில் அடைத்துவிட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பொய் இல்லை.

பிறகு கண்டபடி படம் வரைந்தாள். எதையும் தப்பு என்று தள்ளக் கூடாதாம் அந்தப் படியில். அதற்கும் பிறகு ஒரு மாதிரி செய்து எடுத்து வந்தாள். தெர்மோகோல் வளையம், நடுவில் பறி, தோளுக்குச் செருப்பு வார், மூடிக்குக் கீறல் விட்ட டயர் டியூப். பார்க்கவே கலீஜாக இருந்தது. இதுவா உன் படிப்பு என்றேன்.

"மொத மாதிரி சரியா இருக்கணும்னு இல்ல தாத்தா. பாத்தா இன்னான்னு தெரிஞ்சா போதும். எங்க தப்புன்னு நீங்க சொல்லணும். அதுதான் கடைசிப் படி."

காலையில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கினேன். அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு மங்கலாகத் தெரிந்தது. வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. வளையம் தாடைக்குக் கீழே மிதந்தது. கை இரண்டும் சேற்றில். முதல் இறால் உள்ளங்கையில் துடித்தபோது எனக்குக் கண் கலங்கியது, அதை ஒளிக்கப் போவதில்லை.

"இன்னா கெட்சிது?"

முதுகுப் பக்கம் கேட்டது. செங்கொடி என்று நினைத்து, நாலு கிடைத்தது என்றேன். சொன்ன பிறகுதான் அவள் வலப்பக்கம் தூரத்தில், வாயில் கயிற்றோடு குனிந்திருப்பதைப் பார்த்தேன். முதுகுப் பக்கம் ஆவிதான் இருந்தது.

மறுநாளும் கேட்டது. யார் வீடு, யார் மகன், எத்தனை பல் மிச்சம், ஏன் மறுபடி வந்தாய். ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்கிற விதம் எனக்குத் தெரிந்த விதம். எதைச் சொன்னாலும் ஏன் என்றது. இது அந்தப் பெண்ணின் வேலைதான், வளையத்துக்குள் எதையோ வைத்து என் வாயைக் கிளறுகிறாள் என்று முடிவு கட்டினேன். கேள், கேள், கடைசியில் உன்னைப் பிடிக்கிறேன் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். என் அப்பன் பெயர், நான் இருமுகிற இருமல், செங்கொடியை நான் எப்படிக் கூப்பிடுவேன் என்பது வரைக்கும்.

அன்று கரையேறி, தெர்மோகோலைத் துண்டு துண்டாகப் பிய்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

தாஹிராவைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். அவள் அல்லா மேல் ஆணையிட்டாள். என்ன கேட்டது, எந்த வரிசையில் கேட்டது என்று விசாரித்தாள். நான் சொல்லி முடித்ததும், இது நான் கேட்கிற அதே வரிசை, முதல் படி என்றாள். இனிமேல் இறங்க வேண்டாம் என்றாள். நான் நம்பவில்லை. என்னை மறுபடி கரையில் உட்கார வைக்கப் பார்க்கிறாள் என்று தோன்றியது. வளையத்தை நானே ஒட்டி மறுநாள் இறங்கினேன்.

அன்று கேள்வி வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று கொஞ்ச தூரம் நகர்ந்தேன். எதிரே தண்ணீருக்கு மேல் ஒரு தலை இருந்தது. கண் இரண்டும் ஒரே அளவில் இல்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு. வாய், கத்தியால் கீறியது போல ஒரு கோடு. முடி பாசி மாதிரி ஒட்டிக் கிடந்தது. அரைகுறையாகச் செய்தது. ஆனாலும் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது என் தலை.

அது என்னை ஒன்றும் செய்யவில்லை. நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்துக்கொண்டிருந்தது. என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

"காது எங்கடா?" என்றேன்.

கோடு மெல்ல விரிந்தது. தலை உள்ளே போனது. நான் விழுந்து எழுந்து கரையேறினேன்.

வளையத்தைக் கொளுத்தினேன். இனி இறங்குவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோறு இறங்காவிட்டால் போகட்டும். தாஹிராவுக்கு ஆள் அனுப்பினேன். மத்தியானம் அவள் மூச்சிரைக்க வந்து நின்று, செங்கொடி அக்கா எங்கே என்றாள். அவளுக்கும் ஒரு வளையம் செய்து கொடுத்திருக்கிறாள், முந்தாநாளே. அவள் வாயிலும் இப்போது கயிறு இல்லை. எனக்குத் தெரியாது.

இருவரும் கரைக்கு ஓடினோம். பட்டப்பகல், வெயில் தண்ணீரில் தகதகத்தது. தூரத்தில் செங்கொடியின் தலை. அதன் பக்கத்தில் இன்னொரு தலை. இரண்டும் பேசிக்கொண்டிருந்தன. தண்ணீரில் ஒருவர் சிரித்து என் ஆயுசில் கேட்டதில்லை, செங்கொடி சிரித்தாள். அந்த இன்னொரு தலை இருமியது.

தாஹிரா என் கையைப் பிடித்தாள். "தாத்தா, நீங்க இங்க கீறீங்க இல்ல?" என்றாள். அதை என்னிடம்தான் கேட்டாள்.

செங்கொடி பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கரையைப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் நகர்ந்து வந்தாள். அவள் கரையேறுவதற்குள் பின்னால் தண்ணீர் மட்டும் இருந்தது. ஈரம் சொட்டச் சொட்ட நின்று, என் காய்ந்த லுங்கியை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா மாமா, எனக்கு முன்னால எப்டி ஏறுன? இப்பதான எங்கூட பேசிக்கினு இருந்த."

"அது நான் இல்லமே. நான் இன்னிக்கி இறங்கவே இல்ல. இந்தப் பொண்ணைக் கேளு."

அவள் தாஹிராவைக் கேட்கவில்லை. என் காதுகளைப் பார்த்தாள், பிறகு வாயைப் பார்த்தாள். ஓர் அடி பின்னால் போனாள்.

"கரையில ஒருத்தன் உக்காந்துகினு கூப்புடுவான், அத்த நம்பாதன்னு மாமா சொல்லிச்சி" என்றாள். "நாளிக்கி அந்தாண்ட ஆழத்துல நெறைய இறா கீது, இட்டுகினு போறேன்னு சொல்லிச்சி."

பறியைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி விலகி வீட்டுக்கு நடந்தாள். எங்கள் வீட்டுக் கதவை அவள் உள்ளிருந்து தாழ்போடும் சத்தம் கரை வரைக்கும் வந்தது.

தாஹிரா அழுகிறாள். நான் அவளிடம் இன்னொரு வளையம் கேட்டிருக்கிறேன். கரையில் நிற்கிற என்னைச் செங்கொடி இனி நம்ப மாட்டாள். விடிந்ததும் அவளுக்கு முன்னால் நான் தண்ணீரில் இருக்க வேண்டும்.